பள்ளி யாருடையது?
அருட்சகோதரி சிரில் மூனியின் கல்விப்பணி: ஒரு வரலாற்றுச் சிந்தனை

2023 ஆம் ஆண்டு ஜூன் 24 ஆம் நாள், கொல்கத்தா மாநகரில் அருட்சகோதரி சிரில் மூனி தமது 86 ஆம் வயதில் ஆண்டவருக்குள் இளைப்பாறினார். அயர்லாந்தில் பிறந்து, இருபது வயது இளம் பெண்ணாக இந்திய மண்ணில் கால்வைத்து, 67 ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்தவர் அவர். ரோமன் கத்தோலிக்கத் திருச்சபையின் லொரேட்டோ கன்னியர் சபையைச் சேர்ந்தவர், விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அறிவியல் ஆசிரியை, பின்னர் 32 ஆண்டுகள் ஒரு பெண்கள் பள்ளியின் தலைவி.

சீர்திருத்தத் திருச்சபைகளின் மரபில் வளர்ந்த நாம் ஒரு கத்தோலிக்கக் கன்னியரின் வாழ்க்கையை எதற்காக ஆராய வேண்டும் என்று வாசகர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அவர் வாழ்க்கை எழுப்பிய கேள்வி கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று என்பதே அதற்கு விடை. இந்தியாவில் பள்ளி நடத்தும் ஒவ்வொரு திருச்சபையையும் அது குத்துகிறது. பள்ளி யாருடையது? கட்டணம் செலுத்துவோருடையதா? அதை நிறுவிய சபையாருடையதா? அல்லது, அதன் மதிற்சுவருக்கு வெளியே நடைபாதையில் உறங்கும் குழந்தைக்கும் அதில் பங்கு உண்டா? இக்கேள்விக்குச் சகோதரி சிரில் நூல்களில் விடை தேடவில்லை. ஒரு பள்ளியின் கால அட்டவணையில் விடை எழுதினார். அவ்விடையின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது நமக்குப் பயனுள்ளதாகும்.

1. சபையின் வேர்கள்

ஒருவருடைய ஊழியத்தை விளங்கிக்கொள்ள அவர் நின்ற மரபை அறிதல் வேண்டும். லொரேட்டோ சபையின் ஆணிவேர் மேரி வார்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1585 இல் யார்க்ஷயர் பகுதியில், கத்தோலிக்க விசுவாசத்தின் நிமித்தம் துன்பப்பட்ட குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். இங்கிலாந்தில் அன்று துன்புறுத்தியவர்கள் நம் சீர்திருத்த மரபினரே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. பெண்கள் மடத்தின் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிராமல், இயேசு சபைக் குருக்களைப் போல உலகில் நடமாடிப் பெண்குழந்தைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்பது மேரி வார்டின் தரிசனம். 1609 இல் தோழியர் சிலருடன் அப்பணியைத் தொடங்கினார்.

அக்காலத் திருச்சபையால் இதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. 1631 இல் எட்டாம் அர்பன் என்னும் போப்பு அச்சபையைக் கலைத்தார். மேரி வார்டு முரண்கொள்கையாளர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, மியூனிக் நகரில் ஒரு கன்னியர் மடத்தில் சிறை வைக்கப்பட்டார். அங்கிருந்து எலுமிச்சம்பழச் சாற்றால், கண்ணுக்குப் புலப்படாத எழுத்தில், தம் தோழியருக்குக் கடிதங்கள் அனுப்பினார் என்பது வரலாறு. விடுதலையான பின் தாய்நாடு திரும்பி 1645 இல் மறைந்தார். அவருடைய உடல் யார்க் நகரையடுத்த ஆஸ்பால்ட்விக் என்னும் சிற்றூரில், ஆங்கிலிக்கன் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ணப்பட்டது. தம் திருச்சபையால் ஒதுக்கப்பட்டவருக்கு நம் திருச்சபையின் மண் ஆறடி இடம் கொடுத்தது! அவரையே சபையின் நிறுவனர் என்று ரோம் ஏற்றுக்கொள்ள 1909 ஆம் ஆண்டு வரை ஆயிற்று.

மேரி வார்டின் வழிவந்த யார்க் மடத்தில் பயின்ற தெரேசா பால் என்னும் ஐரிஷ் பெண்மணி 1821 இல் தம் நாடு திரும்பி, டப்ளின் நகருக்கு அருகே ராத்ஃபார்னம் என்னுமிடத்தில் லொரேட்டோ கிளையை நிறுவினார். சுவரைத் தாண்ட விரும்பிய ஒரு பெண்ணின் மரபு இது. சுவர் என்னும் சொல் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

2. கல்கத்தாவில் இரு பாதைகள்

1841 டிசம்பர் இறுதியில் லொரேட்டோ கன்னியரின் முதற்குழு கல்கத்தா துறைமுகத்தை அடைந்தது. அடுத்த மாதமே மிடில்டன் ரோவில் லொரேட்டோ இல்லம் என்னும் பள்ளி தொடங்கியது. கல்கத்தா அப்போது ஆங்கிலேய இந்தியாவின் தலைநகர். பதினோராண்டுகளுக்கு முன், 1830 இல், ஸ்காட்லாந்துத் திருச்சபையின் அலெக்சாந்தர் டஃப் அதே நகரில் தமது புகழ்பெற்ற பள்ளியைத் திறந்திருந்தார். ஆங்கிலத்தின் வாயிலாக உயர்சாதி இளைஞருக்கு மேனாட்டுக் கல்வியும் வேதபோதனையும் அளித்தால், அவ்வொளி மேலிருந்து கீழே மெல்லக் கசிந்து சமுதாயம் முழுவதும் பரவும் என்பது டஃபின் நம்பிக்கை. மேலே ஊற்றினோம், கீழே கசிந்தது எவ்வளவு என்பதை நம் மிஷன் கல்வியின் வரலாறு அறியும்.

கன்னியர் பள்ளிகளின் வழக்கமும் பெரிதும் வேறன்று. கட்டணம் செலுத்தும் குடும்பங்களின் பெண்களுக்கு ஒரு பள்ளி, ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் வேறொரு பள்ளி என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் மடங்கள் கண்ட ஏற்பாடு. ஏழைகள் மறக்கப்படவில்லை, ஆனால் அவர்களுக்கென்று தனிக் கதவு இருந்தது. இரக்கம் ஒரு கட்டடத்திலும் கல்வி மற்றொரு கட்டடத்திலும் குடியிருந்தன.

இந்த ஏற்பாட்டின் முன் மனம் கலங்கிய லொரேட்டோ சகோதரிகளில் உலகம் அறிந்தவர் ஒருவர் உண்டு. 1929 சனவரியில் கல்கத்தா வந்த அல்பேனிய இளம் பெண் அவர். என்டாலியிலுள்ள புனித மரியாள் பள்ளியில் பூகோளம் கற்பித்தவர். மதிலுக்கு அப்பால் மோத்திஜீல் சேரி இருந்தது. 1946 செப்டம்பரில் தார்ஜிலிங் செல்லும் இரயிலில் தாம் பெற்றதாக அவர் கூறிய அழைப்பிற்குக் கீழ்ப்படிந்து, 1948 ஆகஸ்டில் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறினார். அவரே பிற்காலத்தில் அன்னை தெரேசா எனப் புகழப்பட்டவர்.

அன்னை தெரேசா ஏழைகளைத் தேடிப் பள்ளியை விட்டு வெளியே சென்றார். ஒரு தலைமுறைக்குப்பின் அதே சபையைச் சேர்ந்த மற்றொரு ஆசிரியை, ஏழைகளுக்காகப் பள்ளியையே திறந்து விட்டார். முதற்பாதையை உலகம் நன்கு அறியும். இரண்டாம் பாதையை அறிந்தோர் சிலரே. நிறுவனங்களை விட்டுச் செல்ல இயலாத, அவற்றுக்குள் நின்றே ஊழியம் செய்யவேண்டிய நம்மில் பலருக்கு இரண்டாம் பாதையே நெருங்கிய பாடமாகும்.

3. விலங்கியல் மாணவி

சகோதரி சிரில் 1936 ஜூலை 21 ஆம் நாள் அயர்லாந்தின் கிழக்குக் கரையில், விக்லோ மாவட்டத்தைச் சேர்ந்த பிரே என்னும் கடலோர ஊரில் பிறந்தார். ஜோசபின் என்பது பெற்றோர் இட்ட பெயர். இளமையிலேயே லொரேட்டோ சபையில் சேர்ந்து, 1956 இல் இந்தியா வந்தார். லக்னோவில் பல்லாண்டுகள் பணியாற்றினார். கற்பித்துக்கொண்டே தாமும் கற்றார். லக்னோ பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு கன்னியர் விலங்கியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெறுதல் வெறும் தகுதிச் சான்று மட்டுமன்று. விலங்கியல் பயில்வோர் முதலாவது கற்பது கூர்ந்து பார்த்தல். ஓர் உயிர் எங்கே வாழ்கிறது, எதை உண்கிறது, எந்நேரத்தில் நடமாடுகிறது, எதனால் அழிகிறது என்பவற்றை அவ்வுயிரின் இடத்திற்கே சென்று கவனித்த பின்னரே எதையும் கூறலாம். முடிவை முதலில் வைத்துக்கொண்டு உயிர்களை அதற்குள் திணித்தல் அறிவியல் ஆகாது. பிற்காலத்தில் தெருக் குழந்தைகளுக்கென்று அவர் வகுத்த ஏற்பாட்டைக் காணும்போது, ஆய்வுக்கூடத்தில் பெற்ற இப்பயிற்சி அதில் முழுமையாக வெளிப்படுவதாக எனக்குத் தோன்றுகிறது.

இக்காலத்தில் திருச்சபையிலும் பெரும் மாறுதல்கள் நேர்ந்தன. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவறச் சபைகள் யாவும் தத்தம் நிறுவனரின் ஆதி ஆவிக்குத் திரும்பித் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு அழைத்தது. மேரி வார்டின் மக்களுக்கு அவ்வழைப்பின் பொருள் தெளிவானதே: சுவரைத் தாண்டுங்கள். ஏறத்தாழ அதே காலத்தில், 1964 முதல் 1966 வரை அமைந்த கோத்தாரிக் கல்விக்குழு, ஏழையும் செல்வரும் ஒரே பள்ளியில் பயிலும் அண்மைப் பள்ளிமுறையையும், பாடத்திட்டத்தில் உழைப்பனுபவத்தையும் நாட்டிற்குப் பரிந்துரைத்தது. அண்மைப் பள்ளி ஏட்டில் நின்றது. உழைப்புக் கல்வியோ பல பள்ளிகளில் தாள்பொம்மை செய்வதிலும் கைக்குட்டை தைப்பதிலும் அடங்கிப்போயிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே உயிர்ப்பிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

4. சியால்தா, 1979

1979 இல் சகோதரி சிரில் கல்கத்தாவின் சியால்தா லொரேட்டோ பகல்நேரப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பள்ளி இருக்குமிடத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1947 இல் வங்காளம் பிளவுண்டபோது, கிழக்கிலிருந்து ஓடிவந்த அகதிகள் பெருந்திரளாக வந்து இறங்கிய இரயில் நிலையம் சியால்தா. போக்கிடமின்றி மாதக்கணக்கில் நடைமேடையிலேயே குடியிருந்த குடும்பங்கள் பல. 1971 இல் வங்காளதேசப் போரின்போது மீண்டும் அகதிகள் வெள்ளம் மேற்கு வங்காளத்தை நிரப்பிற்று. இரயில் நிலையத்தைச் சூழ்ந்த நடைபாதைகளில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, குப்பை பொறுக்கியும் சுமை தூக்கியும் பிழைத்த குழந்தைகளே பள்ளியின் அயலார். உள்ளே மணி அடிக்கும். வெளியே அவர்கள் காதிலும் விழும். ஆனால் அம்மணி அவர்களுக்காக அடிக்கப்படவில்லை.

சகோதரி பொறுப்பேற்ற ஆண்டில் பள்ளியில் 790 மாணவியர் இருந்தனர். அவர்களுள் கட்டணமின்றிப் பயின்றோர் 90 பேர். 1998 வாக்கில் மாணவியர் தொகை ஏறத்தாழ 1,400 ஆயிற்று. அவர்களுள் பாதிப்பேர், அதாவது 700 பேர், கட்டணம் செலுத்தாதோர். இவ்வெண்களைச் சற்றே நிதானித்து நோக்குதல் நன்று. 90 என்பது தர்மம். 700 என்பது தர்மமன்று. அது பள்ளியின் இயல்பே மாறியதற்கு அடையாளம். பத்தில் ஒருவர் ஏழையாக இருக்கும் வகுப்பில் அவ்வேழை விருந்தாளி. இருவரில் ஒருவர் ஏழையாக இருக்கும் வகுப்பில் விருந்தாளி என்று ஒருவரும் இல்லை. ஒரே சீருடை, ஒரே பாடம், ஒரே வாங்குப்பலகை. தனிக் கதவு அங்கே இல்லை.

இத்தகைய மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது எப்பள்ளியிலும் எழும் அச்சங்களை நாம் அறிவோம். பணம் எங்கிருந்து வரும்? தரம் தாழாதா? பெற்றோர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்குக் கொண்டுபோகமாட்டார்களா? முதல் வினாவிற்கு, வசதி படைத்தோர் செலுத்திய கட்டணமும் நல்லோர் அளித்த நன்கொடையும் ஓரளவு விடையாயின. மற்ற இரண்டிற்கும் அவர் அளித்த விடை ஆழமானது. ஏழைக் குழந்தையோடு சேர்ந்து பயிலுதல் வசதியுள்ள குழந்தைக்கு இழப்பன்று, அவளுடைய கல்வியின் ஒரு பகுதியே என்பது அவர் கொள்கை. போட்டியிட்டு முந்துவதை மட்டும் கற்ற பெண் கல்வியில் பாதியைத்தான் பெற்றாள் என்று அவர் கருதினார். இக்கொள்கையை வகுப்பறைப் பாடமாக்கும்பொருட்டு நன்னெறிக் கல்விக்கென்று பாடநூல் வரிசை ஒன்றையும் எழுதினார்.

5. வானவில் பள்ளி

கட்டணமில்லா மாணவியரைச் சேர்ப்பதால் மட்டும் தெருக் குழந்தையின் சிக்கல் தீரவில்லை. காரணம் எளிது. பள்ளி காலை குறித்த நேரத்தில் தொடங்குகிறது. குப்பை பொறுக்கும் சிறுமிக்கு அந்நேரமே பிழைப்புக்குரிய நேரம். ஒரு நாள் வருவாள். இரண்டு நாள் வரமாட்டாள். திரும்பி வரும்போது வகுப்பு எங்கோ சென்றிருக்கும். ஒன்பது வயதானவளை முதல் வகுப்பில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு அமர்த்தினால் வெட்கப்பட்டு ஓடிப்போவாள். ஆகவே தெருக் குழந்தை படிப்பை வெறுக்கிறாள் என்று பள்ளி தீர்ப்பளிக்கும். உண்மையில் பள்ளியின் அமைப்பே அவளை வெளியே தள்ளுகிறது.

சகோதரி சிரில் குற்றத்தைக் குழந்தையிடம் தேடவில்லை. 1985 இல் வானவில் பள்ளி என்னும் ஏற்பாட்டைத் தொடங்கினார். அதற்குப் புதிய நிலம் வாங்கவில்லை; புதிய கட்டடம் எழுப்பவில்லை; ஆசிரியர் படை ஒன்றை அமர்த்தவுமில்லை. இடம், பள்ளியின் மொட்டைமாடி. ஆசிரியர், பள்ளியின் மாணவியர். நேரம், பாடத்திட்டத்தில் ஏற்கனவே இருந்த உழைப்புக் கல்விப் பாடவேளை.

ஏற்பாடு நடந்த விதம் இதுவே. ஐந்தாம் வகுப்பு முதல் ஒவ்வொரு வகுப்பிற்கும் வாரத்தில் சில பாடவேளைகள் இப்பணிக்கென ஒதுக்கப்பட்டன. அவ்வேளையில் ஒரு வகுப்பு முழுவதும் மாடிக்குச் செல்லும். ஒவ்வொரு மாணவியும் ஒரு தெருக் குழந்தையின் அருகே அமர்ந்து கற்பிப்பாள். மணி அடித்ததும் அவ்வகுப்பு இறங்கும். அடுத்த வகுப்பு ஏறும். இவ்வாறு சுழன்று வருவதால், தெருக் குழந்தை எந்நேரத்தில் வந்தாலும் அவளுக்கென்று ஓர் ஆசிரியை காத்திருப்பாள். ஒருவருக்கு ஒருவர் என்று கற்பிப்பதால், நேற்று வராதவள் இன்று பின்தங்குவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். உணவும் உடையும் மருத்துவமும் அங்கே கிடைத்தன. போதிய எழுத்தறிவு பெற்றவர்கள் அண்மையிலுள்ள முறையான பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இரவில் நடைபாதையில் உறங்குதல் பெண்குழந்தைகளுக்கு எத்துணை ஆபத்தானது என்பதை உணர்ந்து, பலருக்குப் பள்ளியே இரவுத் தங்குமிடமும் ஆயிற்று. மாலையில் பூட்டிக் காலைவரை வெறுமையாகக் கிடக்கும் கட்டடம் ஒருபுறம். கூரையில்லாக் குழந்தை மறுபுறம். இரண்டையும் ஒருசேரக் கண்டவருக்கு விடை தெரிந்துவிட்டது.

உயிரினத்தின் இயல்பை அறிந்து சூழலை அமைக்கும் அறிவியல் கண் இங்கே தெரிகிறது. பள்ளிக்கேற்பக் குழந்தையை வெட்டவில்லை. குழந்தைக்கேற்பப் பள்ளியை நெகிழ்த்தினார்.

6. மதிலுக்கு அப்பால்

பணி மாடியோடு நின்றுவிடவில்லை. வியாழக்கிழமைதோறும் மாணவியர் குழுவாக நகருக்கு வெளியேயுள்ள கிராமப் பள்ளிகளுக்குச் சென்று அங்குள்ள குழந்தைகளுக்குக் கற்பித்தனர். செங்கற்சூளைகளில் பருவந்தோறும் குடிபெயர்ந்து வந்து உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சூளையிலேயே கற்பிக்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. வீடுகளில் பணிப்பெண்களாக மறைந்து வாழும் சிறுமியரைத் தேடிக் கண்டறியும் முயற்சி பிற்காலத்தில் எழுந்தது. மாணவியர் தத்தம் குடியிருப்புகளில் வீடுவீடாக விசாரித்து, அச்சிறுமியருடன் நட்புக்கொண்டு, அவர்களைப் படிக்க விடுமாறு எசமானர்களிடம் பேசினர். தெருவில் இருக்கும் குழந்தையையாவது கண்ணால் காணலாம். சமையலறையில் அடைபட்ட குழந்தையை மற்றொரு குழந்தையே கண்டுபிடிக்கக்கூடும் என்பது நுட்பமான அறிவு.

கிராமங்களில் பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லாக் குறையைத் தீர்க்க, வெறுங்கால் ஆசிரியர் பயிற்சி என்னும் திட்டத்தை வகுத்தார். உள்ளூர் இளைஞரைத் தெரிந்தெடுத்து, எளிய கருவிகளைக் கொண்டு கற்பிக்கப் பழக்கி, தம் ஊருக்கே திருப்பியனுப்புதல் அதன் நோக்கம். இவ்வாறு பயிற்சி பெற்றோர் ஏறத்தாழ 7,000 பேர் எனக் கூறப்படுகிறது. 1994 இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் எழுத்தறிவுப் பரிசுகளுள் ஒன்றான நோமா விருது அவரது பணிக்குக் கிடைத்தது. 2007 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதும், 2013 இல் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் சிறப்புப் பணி விருதும் அளித்தனர். 2011 இல் சியால்தா பள்ளிப் பொறுப்பிலிருந்து விலகினார். எனினும் நாடு திரும்பவில்லை. பணி செய்த நகரிலேயே மண்ணானார்.

7. எழும்பூர் அநாதைச் சாலையும் சியால்தா மாடியும்

குழந்தைக்குக் குழந்தையே ஆசிரியர் என்னும் இம்முறை முற்றிலும் புதியதா? வரலாறு நம்மைச் சென்னைக்கே அழைத்து வருகிறது. ஆண்ட்ரூ பெல் (1753–1832) என்னும் ஆங்கிலிக்கன் குரு 1787 இல் சென்னைக்கு வந்து, 1789 முதல் எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதைச் சாலையின் மேற்பார்வையாளராக இருந்தார். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். அதனை ஆசிரியர்கள் விரும்பாதபோது, மூத்த சிறுவரைக் கொண்டே இளையோருக்குக் கற்பித்தார். நம் சட்டாம்பிள்ளை முறையை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று. 1797 இல் பெல் இதைப்பற்றி இலண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மதராஸ் முறை என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1811 இல் ஏழைகளின் கல்விக்கென ஆங்கிலத் திருச்சபையார் அமைத்த தேசியச் சங்கம் அம்முறையையே கைக்கொண்டது.

தமிழ் மண்ணிலிருந்து உலகிற்குச் சென்ற முறை என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் அது எவ்வாறு பயன்பட்டது என்பதையும் கூறவேண்டும். ஒரே ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கானோரை மலிவாகப் பயிற்றலாம் என்பதே அதன் கவர்ச்சியாயிற்று. ஏழைகளுக்கு அளவுக்கு மீறிய கல்வி கொடுத்தால் அவர்கள் தம் நிலையில் மனநிறைவு கொள்ளாமற்போவர் என்று பெல்லே எச்சரித்தார். ஏழை ஏழைக்குக் கற்பிப்பான். ஏழை ஏழையாகவே இருப்பான். முறையில் குறைவில்லை, நோக்கத்தில் சுவர் இருந்தது.

சியால்தா மாடியில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே வசதியுள்ள வீட்டுப் பெண், நடைபாதைப் பெண்ணின் அருகே தரையில் அமர்ந்தாள். செலவைக் குறைப்பதற்கன்று, உறவை உண்டாக்குவதற்கே குழந்தைகள் கற்பித்தனர். எழுத்தைக் கற்பித்தவள் தன்னையறியாமல் வேறொன்றைக் கற்றுக்கொண்டாள்: தான் தாண்டிச் சென்ற நடைபாதையில் ஒரு பெயரும் முகமும் இருப்பதை. ஒரே முறை நோக்கம் மாறும்போது எவ்வாறு வேறாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கல்வி வரலாற்றில் அரிது.

8. சில மறுப்புகள்

நடுநிலையோடு ஆராயும்போது சில மறுப்புகளையும் கருதவேண்டும். முதலாவது, பதினோரு வயதுச் சிறுமி கற்பிக்கும் கல்வி எத்தகையது? பயிற்சி பெற்ற ஆசிரியைக்கு அவள் ஈடாகமாட்டாள் என்பது உண்மையே. வானவில் பள்ளி முறையான பள்ளிக்கு மாற்றன்று. அதற்குச் செல்லும் பாலம். பாலத்திலேயே குடியிருக்கச் செய்தால்தான் அநீதி.

இரண்டாவது, அரசின் கடமையைத் தனியார் தொண்டு ஏற்றுக்கொண்டால் அரசு பொறுப்பிலிருந்து நழுவிவிடாதா? இது வலிமையான மறுப்பு. ஆயினும், அரசு செய்யும்வரை குழந்தையின் வயது நின்றுகொண்டிராது. பத்தாண்டில் சட்டம் வரலாம். அதற்குள் ஒரு குழந்தைப்பருவம் முடிந்துவிடும்.

மூன்றாவது, பெரிதும் ஒருவருடைய ஆற்றலில் தங்கிய பணி அவருக்குப்பின் நிலைக்குமா? எல்லாப் பெரும்பணிகளுக்கும் உரிய இடர் இது. எனினும் சகோதரி தம் பணியைத் தம் ஆளுமையில் மட்டும் கட்டவில்லை, கால அட்டவணையிலும் கட்டினார் என்பதைக் கவனிக்கவேண்டும். இரக்கம் மனநிலையாக மட்டும் இருந்தால் அது மனிதரோடு மறையும். பாடவேளையாக எழுதப்பட்டால் மணி அடிக்கும்போதெல்லாம் நிகழும்.

நான்காவது, நம் சபையார் கேட்பது: இதில் நற்செய்தி அறிவிப்பு எங்கே? மாடிக்கு வந்த குழந்தைகள் இந்துக்கள், இஸ்லாமியர் எனப் பலர். அவர்களை மதம் மாற்றுதல் இப்பணியின் நோக்கமன்று. இதற்கு விடையாக யோவான் 6 ஆம் அதிகாரத்தின் நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே சீடர் பணத்தைக் கணக்கிட்டனர், போதவில்லை. ஒரு சிறுவனின் கையிலிருந்தது கொடுக்கப்பட்டது, போதியது. ஆண்டவர் உண்பதற்கு முன் அவர்களுடைய விசுவாசத்தை விசாரித்தாரில்லை. சியால்தாவிலும் கையிலிருந்தவையே கொடுக்கப்பட்டன: ஒரு மாடி, ஒரு பாடவேளை, சில நூறு சிறுமியர்.

9. நம் முன் நிற்கும் கேள்வி

இவ்வரலாறு இன்று நமக்குக் கூறுவது யாது? 2009 இல் நாடாளுமன்றம் இயற்றிய கல்வியுரிமைச் சட்டம், அரசு உதவிபெறாத தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கவேண்டும் என்று விதித்தது. 2012 இல் உச்சநீதிமன்றம், உதவிபெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என்றது. 2014 இல் அரசியல் சாசன அமர்வு, உதவிபெறும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 இல் வேறோர் அமர்வு அத்தீர்ப்பைக் குறித்து ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் ஆய்வுக்கு விடவேண்டும் எனக் கருதியது. சட்டத்தின் நுட்பங்கள் வழக்கறிஞருக்கு உரியவை. அரசியல் சாசனத்தின் 30 ஆம் பிரிவு நமக்கு அளித்த உரிமை அருமையானது; அதைக் காத்தல் வேண்டும். ஆனால் அவ்வுரிமையைக் கொண்டு நாம் எதைக் காக்கிறோம்? சட்டம் 25 கேட்டபோது, எமக்கு விலக்கு உண்டு என்றோம். சட்டம் ஒன்றுமே கேட்காத காலத்தில், ஒரு சிறுபான்மையினர் பள்ளி தானாகவே 50 கொடுத்துக்கொண்டிருந்தது. இவ்விரு எண்களுக்கும் இடையேதான் நம் சாட்சி நிற்கிறது.

இதை நான் பிறரை நோக்கி விரல் நீட்டி எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், சபைப் பள்ளி ஒன்றுக்கு நான் தாளாளராக இருந்தேன். ஒரு மே மாதத்தில், அப்பள்ளிக்கூடத்தையே பெருக்கிய அம்மாள் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு சேர்க்கைக்கு வந்தார். ஆங்கில எழுத்துகள் தெரியவில்லை, இக்குழந்தை வகுப்போடு ஒத்துப்போகமாட்டாள் என்று குறிப்பெழுதி என்முன் வைத்தனர். நான் கையெழுத்திட்டேன். அம்மாள் ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் வந்து அதே வகுப்பறையைப் பெருக்கினார். மாற்கு 10 ஆம் அதிகாரத்தில் குழந்தைகளைத் தடுத்தவர்கள் ஆண்டவருடைய பகைவரல்லர், அவருடைய சீடர்களே என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. சகோதரி சிரிலின் பணியைப் பற்றிப் பின்னர் அறிந்தபோது நான் வியப்படையவில்லை, வெட்கமடைந்தேன். எங்கள் பள்ளிக்கும் ஒரு மொட்டைமாடி இருந்தது.

நம் பள்ளிகள் யாவும் சியால்தாவாக மாறவேண்டும் என்பதன்று என் கருத்து. ஊருக்கு ஊர் நிலை வேறு, பணநிலை வேறு. ஆனால் மூன்று செயல்கள் எச்சபைக்கும் இயல்வனவே. அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில், பள்ளியைச் சுற்றி ஒரு கல் தொலைவிற்குள் பள்ளி செல்லாக் குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்குமாறு மாணவரையே அனுப்பலாம். மாலை நான்கு மணிக்குப்பின் பூட்டிக் கிடக்கும் அறைகளை எண்ணிப் பார்க்கலாம். கால அட்டவணையில் எவருக்கும் பயன்படாமல் கழியும் பாடவேளை எது என்று கேட்கலாம். குழந்தைகள், அறைகள், நேரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்தால் போதும். மற்றதை அத்தாளே நமக்குக் கூறும்.

விலங்கியல் மாணவி ஒருவர் தம் பள்ளியின் சன்னல் வழியே நோக்கினார். கண்டதைக் கண்டதாக ஏற்றுக்கொண்டார். பின்பு கதவைத் திறந்தார். சன்னல் நம்மிடமும் உண்டு.